பழைய அத்திவாரத்தில் பொருத்து வீடு வைக்கலாமா?

கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் தொலைபேசியில் சொன்ன ஒரு வசனத்தில்தான் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுத் தொடங்கியது. "சித்தியின்ர வளவில பழைய பேஸ்மென்ட் அப்பிடியே கிடக்குதுதானே. அதுக்கு மேல ஒரு ரெடிமேட் வீட்டைத் தூக்கி வைச்சா ரெண்டு கிழமையில குடிபுகலாம். இஞ்ச அப்பிடித்தான் செய்யிறாங்கள்."

வளவு உப்புவெளியில். 2004 சுனாமியில் சுவர்கள் விழுந்தன. கல்லும் ஓடும் யார் யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தன. அத்திவாரம் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பற்றைக்குள் கிடந்தது. திருகோணமலையில் இப்படிக் கிடக்கும் அத்திவாரங்களுக்குக் குறைவில்லை. சில சுனாமியின் மிச்சம், சில யுத்தத்தின் மிச்சம், சில வெளிநாட்டுக் காசு பாதியில் நின்றதன் மிச்சம். அதனால் அண்ணா சொன்ன யோசனை பலருக்கும் வருகிற யோசனைதான். அதைக் கேட்டதும் ஒருவர் "பாரமில்லாத வீடு, தாராளமாக வைக்கலாம்" என்கிறார், இன்னொருவர் "பழசில் புதுசு வைக்கவே கூடாது" என்கிறார். இரண்டுமே பாதி சரி.

## ஒரே சொல், இரண்டு பொருள்

முதலில் இந்த 'பேஸ்மென்ட்' குழப்பத்தைத் தீர்ப்போம். ரொறொன்ரோவில் பேஸ்மென்ட் என்றால் நிலத்துக்குக் கீழே இருக்கும் முழு அறை. அங்கே குளிர்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து, பருத்து, மேலே இருப்பதைத் தூக்கும். அதனால் அத்திவாரத்தின் அடி, குளிர் எட்டாத ஆழத்தில், ஏறத்தாழ நாலடிக்குக் கீழே இருக்க வேண்டும். அவ்வளவு தோண்டியாச்சு, இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு அறையே கிடைக்குமே என்று தொடங்கியதுதான் அந்த வழக்கம். நாலு பக்கமும் கொங்கிறீற்றுச் சுவர், அதன் மேல் வீடு. பழைய வீட்டைக் கழற்றிவிட்டுத் தொழிற்சாலையில் செய்த வீட்டை அந்தச் சுவர்களில் இருத்துகிறார்கள். அங்கேயும் அது சும்மா தூக்கி வைக்கிற வேலை இல்லை. மேலிருந்த தளம்தான் அந்தச் சுவர்களின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றினால் வெளிமண்ணின் தள்ளலில் சுவர் உள்ளே சாயப் பார்க்கும்.

எங்கள் ஊரில் பேஸ்மென்ட் என்று மேசன்மார் சொல்வது, நிலத்துக்கு மேல் வீட்டுத் தரை வரைக்கும் தெரிகிற கட்டு. அதற்குக் கீழே புதைந்திருப்பது கருங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய நீண்ட பட்டை. இரண்டையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரையில் அத்திவாரம் என்கிறேன். பொருத்து வீடு என்பது சுவர், சட்டம், கூரை எல்லாவற்றையும் தொழிற்சாலையில் செய்து, வளவில் கொண்டுவந்து பூட்டும் வீடு. 2016 அளவில் வடக்கு, கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் பேசப்பட்டு, எதிர்ப்பு வந்து, அந்த அளவில் நடக்காமல் போனதே, அப்போது எல்லார் வாயிலும் புழங்கிய சொல்.

## முதல் வேலை: பாரத்தைப் பரப்புவது

உப்புவெளிக் கடற்கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர்களுக்கு அத்திவாரம் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சைட் ஸ்டாண்ட் மணலில் புதைந்து வண்டி சரியும். உடனே ஒரு தட்டைக் கல்லையோ நசுக்கிய தகரப் பேணியையோ தேடி ஸ்டாண்டுக்குக் கீழே வைப்போம், வண்டி நிற்கும். வண்டியின் பாரமும் மாறவில்லை, மணலும் மாறவில்லை. பாரம் இறங்குகிற இடம் அகலமாயிற்று, அவ்வளவுதான். அத்திவாரம் அந்தத் தகரப் பேணிதான். ஒரு சதுர அடி மண் எவ்வளவு பாரத்தைப் புதையாமல் ஏற்குமோ, அதுதான் மண்ணின் தாங்குதிறன்.

இப்போது பாரத்தைப் பார்ப்போம். பத்தடி உயரம், ஆறங்குலத் தடிப்புச் சீமெந்துக் கல் சுவர் ஓரடி நீளத்துக்கு 300 கிலோ அளவில் வரும். உள்ளே நுரையும் இரு பக்கமும் மெல்லிய தகடும் வைத்த இரண்டங்குலப் பலகைச் சுவர் அதே ஓரடிக்குப் பத்துக் கிலோ அளவில்தான். கூரையும் அப்படித்தான். ஓடு சதுர அடிக்கு நாலு கிலோ என்றால் உலோகத் தகடு அரைக் கிலோ. ஆக, கல்வீட்டையும் ஓட்டுக் கூரையையும் ஒரு காலத்தில் சுமந்த அத்திவாரம், நல்ல நிலையில் இருந்தால், இதைச் சுமக்கத் திணறாது. "பாரமில்லாத வீடு" என்பவர்கள் இந்த இடத்தில் சரி.

ஆனால் பொருத்து வீடு எல்லாமே பாரமற்றவை அல்ல. தொழிற்சாலையில் வார்த்த நாலங்குலக் கொங்கிறீற்றுப் பலகையில் செய்வதும் பொருத்து வீடுதான். அது ஓரடிக்கு 200 கிலோவைத் தாண்டும். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, பாரம்.

## மண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல

கோணேசர் கோயில் நிற்பது பாறையில். அங்கிருந்து சில மைல் வடக்கே போனால் உப்புவெளி, நிலாவெளி மணல். குடாவைச் சுற்றி மறுபக்கம் போனால் கிண்ணியா ஓரத்துச் சேறு, மூதூர்ப் பக்கம் மகாவலி கொண்டுவந்து கொட்டிய வண்டல். மணல் இறங்குவதானால் கட்டும்போதே இறங்கி முடித்துவிடும். களி அப்படி இல்லை, வருடக்கணக்கில் மெதுவாக இறங்கும். மாரியில் ஊதி, கோடையில் சுருங்கி வெடிக்கும். வயல் மூடிய காணியில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

வீடு முழுவதும் ஒரே மாதிரி அரை அங்குலம் இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் இறங்கினால் கதவு பூட்டாது, பலகைகளின் பொருத்து வாய் பிளக்கும். இதுதான் சமமற்ற இறக்கம். பழைய அத்திவாரத்தோடு ஒட்டிப் புதிதாக ஒரு அறைக்கு அத்திவாரம் போடுகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வதும் இதில்தான். பழையது இறங்க வேண்டியதெல்லாம் எப்போதோ இறங்கிவிட்டது, புதியது இனித்தான் இறங்கும். ஒரு காலில் தேய்ந்த செருப்பும் மறுகாலில் புதுச் செருப்பும் போட்டு நடக்கிற கதை. அப்படி ஒட்டிக் கட்டுவதானால் இரண்டு பகுதியையும் இறுக்கிப் பிணைக்காமல், நடுவில் ஒரு இடைவெளி விட்டு, தனித்தனியாக அசைய விட வேண்டும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: பாரமற்ற வீட்டுக்குப் பழைய அத்திவாரத்தின் சுமக்கும் பலம் பெரும்பாலும் போதும். எல்லா மூலையும் ஒரே மாதிரி நிற்குமா என்பதுதான் சந்தேகம்.

## இரண்டாவது வேலை: பறக்காமல் பிடிப்பது

இங்கேதான் பேச்சு பிழையாகிறது. அத்திவாரம் என்றதும் எல்லாரும் கீழ்நோக்கியே யோசிக்கிறார்கள்.

வாடைக் காற்றில் குடை பிடித்து நடந்திருப்பீர்கள். காற்று பக்கவாட்டில் வந்தாலும் குடை மேலே இழுக்கும். கூரைக்கும் அதேதான் நடக்கிறது. காற்று கூரையின் மேல் வழுக்கிப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. திறந்த கதவால், உடைந்த யன்னலால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து கூரையைத் தூக்குவதுதான் மேலிழுப்பு.

கணக்கைப் பாருங்கள், தோராயமான கணக்குத்தான். மணிக்கு 72 கிலோமீற்றர் காற்றின் அழுத்தம் ஒரு சதுர அடிக்கு இரண்டேகால் கிலோ அளவில். வேகம் இரு மடங்காகி 144 ஆனால் அழுத்தம் இரு மடங்கல்ல, நாலு மடங்கு, அதாவது ஒன்பது கிலோவுக்கு மேல். இருபதுக்கு முப்பதடி வீட்டின் கூரை 600 சதுர அடி. அந்த அழுத்தம் முழுக்க மேலிழுப்பாக மாறினால் ஐந்து தொன்னுக்கு மேல். தகட்டுச் சுவரும் சட்டமும் கூரையும் சேர்த்து அப்படியொரு பொருத்து வீடு மூன்று தொன் அளவில்தான் இருக்கும். மிச்சம் இரண்டு தொன்னை எது பிடித்து வைப்பது?

கல்வீட்டில் இந்தக் கேள்வி எழவே இல்லை. நூறடிச் சுவரே முப்பது தொன். அந்த வீட்டுக்குப் போட்ட அத்திவாரத்தில் எதையும் பிடித்து வைக்கும் ஏற்பாடு இல்லை, தேவைப்படவும் இல்லை. பாரமற்ற வீட்டை அதன் மேல் வைக்கும்போது வேலையே மாறிவிடுகிறது. நேற்றுவரை தூண், இன்றைக்கு நங்கூரம். துறைமுகப் பட்டினத்தில் இருந்துகொண்டு நங்கூரம் ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இது வெறும் பயமுறுத்தலும் இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த அதே புயல், முதலில் எங்கள் பக்கம் கரையேறித்தான் அங்கே போனது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி குச்சவெளிப் பக்கமாகக் கரை கடந்தது. அதன் வேகம் குறைவாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

## கட்டிலும் பாயும்

இன்னொரு வித்தியாசம். பாயில் படுத்தால் உடம்பின் பாரம் நீளத்துக்கும் தரையில் படும். கட்டிலில் படுத்தால் அதே பாரம் நாலு காலால் இறங்கும். மண்தரையென்றால் நாலு குழி விழும். கல்வீடு பாய். அதன் சுவர் அத்திவாரம் முழுவதிலும் சாய்ந்து கிடக்கும். சட்டத்தில் நிற்கும் பொருத்து வீடு கட்டில். பாரமும் மேலிழுப்பும் ஒவ்வொரு காலடியிலும் குவியும். காலுக்குக் கீழே இருக்கிற அந்த ஓரடி இடம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சித்தி வளவில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் வந்து பார்த்த விற்பனையாளர், பழைய அத்திவாரத்தில் துளை போட்டு விரிபோல்ட் அடித்தால் போதும் என்றார். விரிபோல்ட் என்பது துளைக்குள் போய் முறுக்க முறுக்க விரிந்து இறுகும் ஆணி. நல்ல கொங்கிறீற்றில் அது பிடிக்கும். காட்டுவதற்காக ஒன்றை அடித்தார். முறுக்கினார், இறுகியது. எங்கள் மேசனார் ஒன்றும் பேசாமல் கிட்டப் போய், குறடால் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினார். போல்ட் கையோடு வந்தது, கூடவே ஒரு பிடி மஞ்சள் சாந்து. மணலாகவே கொட்டியது. "தம்பி, கல்லு நல்ல கல்லு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில இருக்கிறதுதான் செத்துப்போச்சு" என்றார்.

கருங்கல் அத்திவாரத்தின் குணமே அதுதான். மேலிருந்து அமுக்கினால் கல் கல்லில் இருந்து தாங்கும், சாந்து மோசமாக இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. மேலே இழுத்தால் கல்லைப் பிடிப்பது சாந்து மட்டும்தான்.

## வளையப் பீம்

இதற்கு வழி உண்டு, புதிதும் அல்ல. பழைய கட்டின் உதிரும் மேல்வரிசையை எடுத்துவிட்டு, அதன் தலையில் கம்பி கட்டிய கொங்கிறீற்றைச் சுற்றிவர ஒரே துண்டாக வார்ப்பார்கள். வீட்டைச் சுற்றி இடுப்புப்பட்டி கட்டுவதுபோல. இதைத்தான் வளையப் பீம் என்கிறேன். மேசன்மார் வெறும் பீம் என்பார்கள்.

இது ஒரே அடியில் பல வேலை செய்கிறது. கீழே ஒரு இடம் மெதுவாக இறங்கினால் பாலம்போல் அந்த இடத்தைத் தாண்டி நிற்கும். காலடியில் குவியும் பாரத்தை இரு பக்கமும் பரப்பும். பழைய கட்டின் மேடு பள்ளத்தை மூடிப் புதிய மட்டத்தைத் தரும். எல்லாவற்றையும் விட, அதன் சொந்தப் பாரம். ஒன்பதுக்கு ஒன்பது அங்குலப் பீம், சுற்றிவர நூறடி என்றால் நாலு தொன்னுக்குக் கிட்ட வரும். மேலே கணக்கில் மிஞ்சிய இரண்டு தொன் ஞாபகம் இருக்கிறதா? அதைப் பிடிக்க ஆள் வந்தாச்சு. வீட்டின் காலடிகளைப் பிடிக்கும் போல்ட்டுகளைப் பீம் வார்க்கும்போதே கம்பிக்கூட்டுக்குள் கொளுவிப் புதைத்துவிட வேண்டும். பிறகு துளைக்கிற வேலை இல்லை. பீமையும் கல்லையும் பிணைக்க, இடையிடையே அத்திவாரத்துக்குள் கம்பி இறக்குவதும் உண்டு. எத்தனை கம்பி, எத்தனை போல்ட் என்பதை மேசனாரோ விற்பனையாளரோ அல்ல, பொறியியலாளர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

சுருக்கம்: பழைய அத்திவாரம் பாரத்தைத் தாங்கும். வீட்டைப் பிடித்து வைப்பதும் மட்டம் தருவதும் புதிய பீமின் வேலை.

## அங்குலமும் மில்லிமீற்றரும்

தொழிற்சாலைப் பலகைகள் மில்லிமீற்றர்க் கணக்கில் வெட்டப்பட்டு வரும். கல்வீட்டில் ஒரு பக்கம் அங்குலம் பிசகினால் மேசனார் சாந்தில் சரிக்கட்டிவிடுவார். பலகையைச் சரிக்கட்ட முடியாது. இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டாம், அளவு நாடா போதும். இருபதுக்கு முப்பதடிக் கட்டின் மூலைக்கு மூலை குறுக்களவு 36 அடியும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவும் இருக்க வேண்டும். முக்கியமாக, இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். சித்தி வீட்டில் நாலங்குல வித்தியாசம். நாற்பது வருடம் அந்த வீட்டில் இருந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை! மட்டத்துக்கு, தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாய்.

வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு அத்திவாரத்தை அளக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முறை மறுவளம். முதலில் அளவு, உள்ளறைச் சுவர்களின் அத்திவாரம் எங்கே ஓடுகிறது என்பதையும் சேர்த்து. பிறகுதான் வீட்டின் வரைபடம்.

## நீரும் உப்பும்

விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, கல்லும் சாந்தும் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். சுவர் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உரிவது இதனால்தான். பொருத்து வீட்டில் சுவருக்கு அடியில் ஓடுவது தகட்டுச் சட்டம், தவாளிப்புப்போல. ஈரமும் உப்பும் அதற்குள் நின்றால் துரு உள்ளிருந்து தின்னும். வெளியே வர்ணம் பளபளவென்று இருக்கும்போதே அடி போய்விடும். அதனால் பீமுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஈரத்தடை வேண்டும், அதாவது நீர் ஏறாத ஒரு படை. பழைய ஆட்கள் சாந்துக்கு மேல் தாரும் மணலும் போட்டார்கள், இன்றைக்கும் அது நல்ல வேலைதான். போல்ட்டுகள் நாகம் (சிங்க்) பூசியவையாக இருக்கட்டும். கடல் மணலையும் உவர்க் கிணற்றுத் தண்ணீரையும் பீமுக்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். உப்பு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும்.

## நீங்களே பார்க்கக்கூடியது

ஒரு மண்வெட்டியும் நாலங்குல ஆணியும் போதும். மூலைகளில், அத்திவாரத்தை ஒட்டி ஒரு குழி வெட்டி, கல் எவ்வளவு ஆழம் போகிறது, எதில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மூலை மணலிலும் மறுமூலை மூடிய பழைய மலக்குழியிலும் இருந்த கதையும் உண்டு. குழியைத் திறந்து விட்டுவைக்காமல் அன்றைக்கே இறுக்கி மூடுங்கள். ஆணியால் சாந்தைச் சுரண்டுங்கள். கீறல் விழுந்தால் நல்லது. மாவாகக் கொட்டினால் மேசனார் சொன்னதுதான். படிக்கட்டுப்போல் சாய்வாக ஏறும் வெடிப்பு, ஒரு பக்கம் இறங்கியதன் அடையாளம். வெடிப்பின் குறுக்கே சாந்து பூசித் திகதி எழுதி ஒரு மாரி பொறுத்தால், அது இன்னும் அசைகிறதா என்பது தெரிந்துவிடும். ஆல், அரசு முளைத்திருந்தால் வெட்டினால் மட்டும் போதாது. வேர் கல்லைப் பிரித்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முடிந்தால் மார்கழி மழையில் போய்ப் பாருங்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதைக் கோடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இத்தனையும் பார்த்தபின், நாலில் இரண்டு மூலை சரியில்லை என்றால் பழையதை விட்டுவிடுவதுதான் மலிவு. கல்லைப் பிரித்தெடுத்துப் புது அத்திவாரத்துக்கே போடலாம். பழைய அத்திவாரத்தில் ஆட்களுக்கு இருக்கும் பாசம் எனக்கும் உண்டு. ஆனால் பாசத்தில் பீம் நிற்காது.

அனுமதி விடயத்தில் ஒன்று. அத்திவாரம் முன்பே இருந்தது என்பதற்காகப் புது வீட்டுக்கு அனுமதி வேண்டாம் என்றாகாது. உள்ளூராட்சி சபையின் கட்டட அனுமதி வேண்டும். கரையிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை சட்டப்படி கரையோர வலயம். அதற்குள் காணி இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் போக வேண்டும். சித்தியின் வளவு அதற்குள் வந்தது, கடதாசி வேலை பீம் வேலையை விட நீண்டது.

கடைசியில் கடற்பக்க மூலையைப் புதிதாகக் கட்டி, மற்ற மூன்றையும் வைத்துக்கொண்டோம். பீம் வார்த்த மூன்றாம் நாள் அண்ணா எடுத்தார்.

"என்ன, வீடு ஏத்தியாச்சா?"

"இல்லையண்ணா. பீமுக்குச் சாக்குப் போட்டுத் தண்ணி ஊத்திக்கொண்டிருக்கிறம். இன்னும் நாலு நாள் நனைக்க வேணும்."

"ரெண்டு கிழமையெண்டு சொன்னனே!"

சித்தி கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினா. "அது வீட்டுக்கு மேனே. இது அத்திவாரத்துக்கு."